வரலாற்றுச் சான்றாகச் சங்க இலக்கியம்: திருவனந்தபுரத்து ஆய்வு மரபு

எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஆகிய தொகுப்புகளில் அடங்கிய சங்கப் பாடல்கள், அரசரையும் போரையும் கொடையையும் பாடும் புறத்திணைப் பகுதியால், தென்னிந்தியத் தொல்வரலாற்றுக்குத் தலையாய எழுத்துச் சான்றாகின்றன. இன்றைய கேரளத்தின் தொடக்க வரலாறும் பெரிதும் இத்தமிழ்ப் பாடல்களையே சார்ந்திருப்பதால், அவற்றை வரலாற்று நோக்கில் ஆராயும் மரபு திருவனந்தபுரத்தில் ஆழமாக வேரூன்றியது.

அந்நகரைச் சூழ்ந்த நிலமும் பாடல்களுக்கு அயலானதன்று. பொதியில் மலைக்குரிய வேளாகிய ஆய் ஆண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடினார். அவன் குடிப்பெயரை 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நிலவியலாளர் தாலமியும் குறிக்கிறார். 866ஆம் ஆண்டு பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் வேதம் பயிற்றும் சாலையும் நிறுவிய ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் செப்பேடு, அக்குடி 9ஆம் நூற்றாண்டிலும் ஆட்சியில் இருந்ததை உறுதிசெய்கிறது.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897), சைவ நாயன்மார் திருஞானசம்பந்தரின் காலத்தைப் புராணக் கதைகளின் துணையின்றிக் கல்வெட்டுகளையும் பிற நூற்குறிப்புகளையும் கொண்டு வரையறுத்தார். அவர் எடுத்துக்கொண்டது சங்க காலம் அன்று எனினும், நூல் சொல்வதை நூலுக்கு வெளியே உள்ள சான்றோடு உரசிப் பார்க்கும் நெறியை இங்கு ஊன்றியவர் அவரே.

சேரர் வரலாற்றுக்கு அடிப்படை பதிற்றுப்பத்து. பத்துச் சேர வேந்தரைப் பப்பத்துப் பாடல்களால் போற்றிய இந்நூலை, முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காத நிலையில், உ. வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்தார். ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் உள்ள பதிகம், அதாவது பாட்டுடைத் தலைவனின் பெற்றோர், செயல்கள், பரிசில் முதலியவற்றைத் தொகுத்துரைக்கும் பிற்சேர்க்கை, சேர வேந்தன் செங்குட்டுவன் 55 ஆண்டு வீற்றிருந்தான் என்பதுபோல் ஆட்சியாண்டையும் தருகிறது. திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதி கே. ஜி. சேஷையர் சங்கச் சேரர் பற்றி 1937இல் தனி நூல் வெளியிட்டார். பதிகங்கள் பாடல்களுக்குப் பின்னர் இயற்றப்பட்டவை ஆதலால் அவற்றின் ஆண்டுக் கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் மரபுவரிசையை முற்றிலும் கற்பனை என்று தள்ளவும் இயலாது. கரூரை அடுத்த புகழூரின் தமிழி, அதாவது தமிழ் பிராமிக் கல்வெட்டு, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்னும் மூன்று தலைமுறையைக் கூறுகிறது. ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு இம்மூவரையும் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் பொருத்திக் காட்டினார்.

இத்தகைய உறுதி கயவாகு ஒப்புமைக்கு இல்லை. செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த பத்தினிக் கோட்டத்தின் விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவதைக் கொண்டு, செங்குட்டுவனை வி. கனகசபை முதலியோர் 2ஆம் நூற்றாண்டில் வைத்தனர். ஆனால் மகாவம்சம் அவ்வருகையைக் குறிக்கவில்லை. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளை, மொழிநடையைக் காட்டிச் சிலப்பதிகாரத்தைச் சங்க நூல்களுக்கு நெடுங்காலம் பிற்பட்டதாகக் கருதினார். ஒரு காப்பியக் காட்சியின்மேல் தென்னாட்டுக் காலவரிசை முழுவதையும் ஏற்றியது மிகையே.

திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியின் இளங்குளம் பி. என். குஞ்ஞன் பிள்ளை சங்கப் பாடல்களைக் கேரள வரலாற்று எழுத்தின் நடுவே கொணர்ந்தார். வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது; ஒரு சொல் எங்கெங்கே, எவ்வடிவில் வருகிறது என்பதை அறியாமல் அச்சொல்லின்மேல் வரலாறு கட்ட முடியாது என்பதால், பல ஊக நூல்களைவிட இவ்வடைவின் பயன் பெரிது.

அகநானூற்று 149ஆம் பாட்டு, பொன்னோடு வந்து மிளகோடு மீளும் யவனர் கலங்களைச் சேரரின் முசிறித் துறையில் காட்டுகிறது. அத்துறையோடு தொடர்புடைய வணிகக் கடன் ஒப்பந்தம் எழுதப்பட்ட, வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு 1985இல் வெளியிடப்பட்டது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் பட்டணம் என்னும் ஊரில் நடத்திய அகழாய்வில், நடுநிலக்கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகளும் மரத்தோணி ஒன்றும் வெளிப்பட்டன. முசிறி இவ்வூரே என்பதை எல்லோரும் ஏற்றிலர். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களமா என்னும் வழக்கில், சேரர் காசுகளும் புகழூர்க் கல்வெட்டும் கரூரின் பக்கமே வலுவாக நிற்கின்றன.