நெருப்பை விட்டு மண்ணுக்கு: 19-ஆம் நூற்றாண்டின் இரு தமிழ்ச் சமய இயக்கங்கள்

1. சிக்கல்

அய்யாவழி தனி மதமா, வைணவத்தின் கிளையா? சன்மார்க்கம் சைவத்துக்குள் அடங்குமா, அடங்காதா? இவ்விரு கேள்விகளும் நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்படுகின்றன. விடை தேடுவோர் பெரும்பாலும் நூல்களைப் புரட்டுகிறார்கள். கடவுளின் பெயரையும் அவதாரக் கணக்கையும் முத்தி பற்றிய கருத்தையும் ஒப்பிடுகிறார்கள். ஒரு புதிய இயக்கம் தாய் மரபிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்பதைக் கொள்கையைவிடச் சடங்கே சரியாகக் காட்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. குறிப்பாக, எந்தச் சடங்கைக் கைவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

2. கொள்கை காட்டாத எல்லை

தென் திருவிதாங்கூரில் 1809-இல் பிறந்த முத்துக்குட்டி, 1833-இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராகத் திரும்பினார் என்பது அய்யாவழியின் தொடக்க நிகழ்வு. அவருடைய சீடர் அரிகோபாலன் 1841-இல் எழுதியதாக மரபு கூறும் அகிலத்திரட்டு அம்மானையில் நாராயணரும் இலட்சுமியும் யுகங்களும் கலியும் இருக்கின்றன. பழைய புராணச் சட்டகம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. மாறியிருப்பது கதையின் பயன். கலியின் கொடுமை இங்கே வரி கேட்கும் அரசனாகவும் ஒடுக்கும் சாதியாகவும் உருவெடுக்கிறது.

சன்மார்க்கத்தை நிறுவிய, வள்ளலார் எனப்பட்ட இராமலிங்கரோ (1823–1874) சைவத்திலேயே ஊறியவர், சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர், நடராசரைப் பாடியவர். 1867-இல் அச்சேறிய திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை மட்டும் படிப்பவருக்கு அவர் பெரும்பாலும் பக்திச் சைவராகவே தெரிவார். சமயம், சாத்திரம், சாதி எல்லாவற்றையும் உதறும் குரல் ஓங்கி ஒலிப்பது ஆறாம் திருமுறையில். அது அச்சானது அவர் மறைந்து பதினோர் ஆண்டு கழித்து, 1885-இல். எந்தப் பகுதியைக் கையில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அவர் சைவரா, சைவத்தைக் கடந்தவரா என்று வாசகர்கள் தீர்மானித்தார்கள். நூலை அளவுகோலாக்கினால் தீர்ப்பு இப்படித்தான் ஊசலாடும்.

3. கைவிடப்பட்டவை

பதிகள் எனப்படும் அய்யாவழிக் கோயில்களின் கருவறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, அதன் முன் விளக்கு எரிகிறது. வணங்குகிறவன் தன்னையே எதிரில் காண்கிறான். உயிர்ப்பலி கிடையாது, காணிக்கையை வைகுண்டர் கண்டித்தார். கீழ்ச்சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டுவதே குற்றமாக இருந்த நாட்டில், ஆண்கள் தலைப்பாகையோடு வந்து வழிபட வேண்டும் என்று விதித்தார். அய்யாவழியின் தலைமைப் பதி உள்ள சாமிதோப்பின் முத்திரிக்கிணறு எல்லாச் சாதியாரும் நீரெடுக்கும் கிணறாயிற்று. குளத்துக்கும் கிணற்றுக்கும் தடை இருந்த காலத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வடலூரில் 1872 தைப்பூசத்தில் திறக்கப்பட்ட எண்கோண வடிவச் சத்திய ஞான சபையிலும் சிலைக்கு இடமில்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் சோதி.

இவை எல்லாரும் அறிந்தவை. இரண்டு இயக்கங்களும் சந்திக்கும் இன்னோர் இடம் உண்டு. ஆய்வாளர்கள் அதில் போதிய கவனம் செலுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. அது பிணம். அய்யாவழியினர் இறந்தவரை எரிப்பதில்லை. வடக்கு நோக்கி இருத்தி அடக்கம் செய்வதே விதி. தர்ம யுகம் பிறக்கும்போது அவர்கள் எழுவார்கள் என்பது நம்பிக்கை. இராமலிங்கரும் தம் அன்பர்களுக்கு எரிக்க வேண்டாம், புதையுங்கள் என்றே வற்புறுத்தினார். இறந்தோர் எழும் காலம் வரும் என்றார். கருமாதி, திதி முதலியவற்றை விலக்கினார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் கழற்றவும் வேண்டாம் என்றார்.

நாஞ்சில் நாட்டில் ஒருவர், தென்னார்க்காட்டில் ஒருவர். ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததற்குச் சான்றில்லை. கிறித்தவ மிஷன்களின் பாதிப்பு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் துறவிகளையும் சித்தர்களையும் சமாதி வைப்பது தமிழ்நாட்டுப் பழவழக்கம். துறவிக்கு மட்டும் உரிய அந்த மரியாதையை இவர்கள் குடும்பஸ்தருக்கும் கொடுத்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஈமச் சடங்கு போனால் புரோகிதரும் போகிறார். தீட்டும் தட்சிணையும் போகின்றன. பரம்பரைச் சாதி ஒழுங்கின் ஒரு முக்கியமான கண்ணி அறுகிறது. கடவுளின் பெயரை மாற்றுவது இதைவிட எளிது.

4. எதிர்த்தவர் யார்

எல்லையைக் காட்டும் இன்னோர் அடையாளம் எதிர்ப்பு. வைகுண்டரை எதிர்த்தது பண்டிதரல்ல, அரசு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அவரைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துச் சென்று சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள். லண்டன் மிஷன் அறிக்கைகளும் அவரைத் தங்கள் பணிக்கு இடையூறாகவே பதிவு செய்தன.

இராமலிங்கரை எதிர்த்தவர் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். 1869-இல் மூண்ட அருட்பா, மருட்பாச் சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. அருட்பா என்ற பெயர் தேவார திருவாசக வரிசைக்கே உரியது, நேற்றுப் பாடியவருக்குப் பொருந்தாது என்பது நாவலர் தரப்பு. அந்தச் சண்டை நாவலரோடு முடியவில்லை. அடுத்த தலைமுறையில் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிர் நின்று தொடர்ந்தார்கள். வைகுண்டரால் சமூக ஒழுங்குக்கு ஆபத்து, இராமலிங்கரால் நூல் வரிசைக்கு ஆபத்து என்று கருதப்பட்டது. ஆகவே இருவரையும் ‘சீர்திருத்தவாதிகள்’ என்று ஒரே கூடையில் போடுவது தவறு.

5. புதிய வேலிகள்

பழைய வேலியைப் பிடுங்கியவர்கள் புதிதாக ஒன்று நடாமல் விடவில்லை. வைகுண்டரின் துவையல் தவசில், மரபுப்படி 700 குடும்பங்கள், மூன்று வேளை குளித்துத் துணி துவைத்துப் புலால் நீக்கி வாழ்ந்தன. இராமலிங்கர் மக்களைச் சாதியால் பிரிக்கவில்லை. புலால் உண்ணாதாரை அகவினத்தார் என்றும் உண்பாரைப் புறவினத்தார் என்றும் பிரித்தார். புறவினத்தாருக்கும் பசி ஆற்ற வேண்டும். அதற்கு மேல் உறவு இல்லை. 1867-இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு எல்லாருக்கும் எரிகிறது. ஞான சபைக்குள் நுழையப் புலால் தடை. ஜீவகாருண்யத்தின் தர்க்கம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மீனும் கறியும் உணவாகக் கொண்ட பெரும்பான்மையைப் படியில் நிறுத்துகிற விதியும் அதுவே.

6. சட்டத்தின் பார்வை

1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வீரசைவர், லிங்காயத்து, பிரம்ம சமாஜம், பிரார்த்தனா சமாஜம், ஆரிய சமாஜம் ஆகியோரைப் பெயர் சொல்லி இந்து என்கிறது. அய்யாவழியும் சன்மார்க்கமும் அந்தப் பட்டியலில் இல்லை. முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதார் என்ற எச்சப் பிரிவில்தான் அவை வந்து விழுகின்றன.

ஞான சபைக்குள் லிங்க வழிபாடும் ஆகமப் பூசையும் நுழைந்தபோது, அவை வள்ளலார் 1872-இல் வகுத்த வழிபாட்டு விதிக்கு முரண் என்று அறநிலையத் துறை ஆணையிட்டது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சபை சைவக் கோயில் அல்ல என்பதை நிலைநாட்ட, இந்துக் கோயில்களை நிர்வகிக்கும் துறையே முன்வர வேண்டியிருந்தது. சடங்கை விலக்கிய இயக்கத்துக்குள் முதலில் திரும்பி வருவது சடங்குதான். இவ்வியக்கங்களை ஆராய விரும்பும் இளையோர் நூலகத்துக்குப் போகுமுன் அவற்றைப் பின்பற்றுவோரின் இடுகாட்டுக்குப் போய், இன்றும் எத்தனை பேர் புதைக்கிறார்கள், எத்தனை பேர் மீண்டும் எரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கணக்கெடுக்கட்டும்.