நைட்ரஸ் ஆக்சைடை உடைக்கும் செப்பு நொதி: வரலாறு

நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸ் என்பது நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தீங்கற்ற நைட்ரசனாகவும் நீராகவும் மாற்றும் பாக்டீரிய நொதியாகும். இது செம்பு அணுக்களைக் கொண்டு இயங்குகிறது. மண்ணிலும் நீரிலும் இவ்வாயு அழிவதற்கான முதன்மையான உயிரியல் வழி இதுவே. தேனி மாவட்டத்தின் குரங்கணி போன்ற ஏலம் விளையும் மலைச் சரிவுகளின் வேளாண்மையோடும் இதன் வரலாறு தொடர்புடையது.

பின்னணி

சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தார். பின்னர் அது மயக்க மருந்தாகப் பயன்பட்டது. இன்று அது பசுமை இல்ல வாயுவாகவே அதிகம் பேசப்படுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, 273 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியை வெப்பமாக்கும். ஓசோன் படலத்தையும் அது சிதைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு ஏறத்தாழ 270 பங்காக இருந்த இவ்வாயு, இப்போது 335 பங்கைக் கடந்துவிட்டது. தழைச்சத்து உரங்கள் இதற்கு முக்கியக் காரணமாகும்.

போர்டோ நகரின் இரு கண்டுபிடிப்புகள்

மழையில் ஊறிய மண்ணில் ஆக்சிசன் குறையும்போது, சில பாக்டீரியாக்கள் அதற்கு மாற்றாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரேட் படிப்படியாக நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என மாறி, இறுதியில் நைட்ரசனாகிறது. இந்நிகழ்வு நைட்ரசன் நீக்கம் எனப்படும். பிரான்சின் போர்டோ நகரில் உலீஸ் கேயோன், கேப்ரியல் டுப்பெட்டி ஆகியோர் இதை ஆராய்ந்து 1886-இல் விரிவாக வெளியிட்டனர்.

அதே ஆண்டுகளில் அதே நகரில் தாவரவியலாளர் மில்லார்டே, திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை உருவாக்கினார். 1885-இல் வெளியான இக்கலவையின் ஆய்வில் அவருக்குத் துணைநின்ற வேதியியலாளரும் கேயோனே. நைட்ரசன் நீக்கத்தின் கடைசிப் படியை நடத்துவதும் செம்புதான் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அது தெரியவர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

நொதி அடையாளம் காணப்படுதல்

1980-இல் ஜப்பானைச் சேர்ந்த இவாசாகி, சைகோ, மட்சுபரா ஆகியோர், நைட்ரஸ் ஆக்சைடைக் கொண்டு பாக்டீரியா வளரச் செம்பு தேவை எனக் காட்டினர். 1982-இல் மட்சுபராவும் ஜெர்மனியின் வால்டர் சும்ஃப்டும் இதில் பங்குபெறும் செப்புப் புரதத்தை இனங்கண்டனர். 2000-இல் கடல்வாழ் பாக்டீரியா ஒன்றின் நொதியிலிருந்து முதல் படிக அமைப்பு வெளியானது. இந்நொதி காற்றுப் பட்டால் மாற்றமடையக்கூடியது. ஆகவே ஒலிவர் ஐன்ஸ்லே உள்ளிட்ட குழுவினர் ஆக்சிசன் இல்லாச் சூழலில் அதைப் பிரித்தெடுத்து, நைட்ரஸ் ஆக்சைடு பிணைந்த அமைப்பை 2011-இல் வெளியிட்டனர்.

அமைப்பும் செயலும்

இந்நொதி இரண்டு ஒத்த புரதங்களின் இணை. ஒவ்வொன்றிலும் இரண்டு செம்பு அணுக்கள் கொண்ட மையமும், நான்கு செம்பு அணுக்கள் கந்தகத்தோடு பிணைந்த மையமும் உள்ளன. ஆக, இணைக்கு 12 செம்பு அணுக்கள். இரட்டைச் செம்பு மையம் எலக்ட்ரான்களை வாங்கி, எதிர்ப் புரதத்தின் நான்கு செம்பு மையத்துக்குக் கைமாற்றுகிறது. இரண்டு புரதங்களும் தலைமாற்றிப் பொருந்தியிருப்பதால் அந்த மையமே அதற்கு மிக அருகில் உள்ளது. இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு புரோட்டான்களும் சேரும்போது நைட்ரசன்–ஆக்சிசன் பிணைப்பு அறுகிறது. ஆக்சிசன் நீராகிறது, நைட்ரசன் காற்றில் கலக்கிறது.

ஏல மலைச் சரிவுகளில்

குரங்கணி, போடிநாயக்கனூர் வட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமும் அங்கே நடைபெறுகிறது. ஏலச் செடியின் அழுகல் நோயைத் தடுக்க, தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு சதவீதப் போர்டோ கலவை பரிந்துரைக்கப்படுகிறது. 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் என்பது அதன் அளவு. கேயோன் ஆராய்ந்த அதே கலவை இன்றும் ஏலத் தோட்டங்களில் பயன்படுகிறது.

இதனால் செம்பு தெளித்தாலே நைட்ரஸ் ஆக்சைடு குறைந்துவிடும் என்று கொள்ளக்கூடாது. செம்பு மிகுந்தால் மண்ணுயிர்களுக்கு நஞ்சாகும். மேலும், ஏலம் பொதுவாக அமிலத்தன்மையுள்ள மண்ணில் விளைகிறது. நொதியின் இறுதிக் கட்டுமானம் பாக்டீரியாவின் உட்சவ்வுக்கு வெளியே நடைபெறுவதால், சுற்றியுள்ள அமிலத்தன்மை அதைத் தாக்கும். நொதிக்கான மரபணு இயங்கினாலும் பணிசெய்யும் நொதி உருவாவதில்லை என 2010-க்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. அந்நிலையில் முந்தைய படிகள் நடந்து, கடைசிப் படி மட்டும் நின்றுபோக, நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே வெளியேறுகிறது.

எனவே இத்தகைய மண்ணில் உரத்தை அளவோடு பிரித்து இடுவதும், மண் பரிசோதனைக்கேற்பச் சுண்ணாம்பிட்டு அமிலத்தன்மையைக் குறைப்பதும் விளைச்சலுக்கு மட்டுமன்றி, காற்று மண்டலத்துக்கும் நன்மை தருவனவாகும்.