அய்யாவுக்கு வேண்டியவர்

2016 டிசம்பரில் கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, பஹாமாஸில் ஆகா கானின் தனித்தீவில் குடும்பத்தோடு விடுமுறையைக் கழித்தார். இஸ்மாயிலி முஸ்லிம்களின் அன்றைய தலைவரான அந்தச் செல்வந்தரின் அறக்கட்டளை கனடா அரசிடம் நிதி பெற்றுவந்தது. கேள்வி எழுந்ததும் 'குடும்ப நண்பர்' என்றார் ட்ரூடோ. நண்பர் தரும் பரிசுக்குத்தான் சட்டத்தில் விலக்கு உண்டே!

நெறிமுறை ஆணையர் மேரி டாசன் அந்த நட்பையே அளந்து பார்த்தார். தந்தை பியர் ட்ரூடோவின் இறுதிச்சடங்கு தவிர, முப்பது ஆண்டுகளாக இருவருக்கும் தனிப்பட்ட தொடர்பே இல்லை. மகன் கட்சித் தலைவரான பிறகே நெருக்கம். 2017 டிசம்பர் அறிக்கையில், சட்டமீறல்தான் என்று எழுதினார்.

ஒரு கையெழுத்துக்காக மக்களோடு அலுவலக வாசலில் நாள்கணக்கில் நிற்கும் எங்களுக்கு இந்த 'நண்பர்' புதியவரல்ல. எங்களைத் தாண்டி உள்ளே போகிற எல்லோரும் 'அய்யாவுக்கு வேண்டியவர்'தான். எப்போதிலிருந்து வேண்டியவர் என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

ட்ரூடோ மன்னிப்புக் கேட்டார். அபராதம் கிடையாது.