வெப்ப மண்டலத்தின் மேல் ஒரு குளிர்வளையம்

வளிமண்டலத்தின் கீழடுக்கு முடிவுறும் எல்லையில் காற்று எங்கே மிகவும் குளிர்ந்திருக்கும்? துருவங்களின் மேல் என்றே பலரும் விடை கூறுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. வெயில் மிகுந்த நிலநடுக்கோட்டின் மேல்தான் அவ்வெல்லை மிகக் குளிர்ந்தது. இவ்வுண்மை தெளிவடைந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு.

1804-இல் பாரிஸிலிருந்து பலூனில் தனியே ஏறிய கே-லுசாக், ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்தில் −9.5 பாகை செல்சியஸ் வெப்பநிலையைப் பதிவு செய்தார். தரையிலோ அன்று 28 பாகையை ஒட்டிய வெப்பம். 1862-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் கிளெய்ஷர் இன்னும் மேலே சென்று நினைவிழந்தார். உடன் சென்ற காக்ஸ்வெல், குளிரில் கைகள் செயலிழந்த நிலையில், வளியை வெளியேற்றும் கயிற்றைப் பல்லால் இழுத்துப் பலூனைக் கீழிறக்கினார். இத்தகைய அளவீடுகளிலிருந்து, உயரம் கூடக் கூட வெப்பநிலை இடைவிடாது குறைந்துகொண்டே செல்லும் என்னும் கருத்து வேரூன்றியது.

அக்கருத்தைத் தகர்த்தவர் பிரான்சின் டெய்செரங்க் தெ போர். பாரிஸை அடுத்த திராப் என்னும் ஊரிலிருந்து, தானே பதிவு செய்யும் கருவிகளைத் தாங்கிய ஆளில்லாப் பலூன்களை அவர் பறக்கவிட்டார். சுமார் 11 கி.மீ. உயரத்துக்கு மேல் வெப்பநிலை வீழ்ச்சி நின்றுபோனது. கதிரவன் ஒளி கருவியைச் சூடாக்கியிருக்கலாம் என்னும் ஐயத்தை நீக்க, இரவிலும் பலூன்களை அனுப்பினார். 236 பலூன்களின் பதிவுகளை ஆராய்ந்த பின்னரே, 1902 ஏப்ரலில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் தம் முடிவை முன்வைத்தார். ஜெர்மனியின் ரிச்சர்ட் அஸ்மனும் சில நாள்களிலேயே இதே முடிவை அறிவித்தார். ஸ்ட்ராடோஸ்பியர் என்னும் மேலடுக்கு இவ்வாறு அறியப்பட்டது.

ஆயினும் 11 கி.மீ. என்பது ஐரோப்பிய வானத்தின் அளவே. பாலக்காட்டின் கல்பாத்தியில் பிறந்து, சி. வி. இராமனிடம் பயின்ற கே. ஆர். இராமநாதன், 1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஆக்ரா மேல்வளி ஆய்வகத்தின் பலூன் பதிவுகளையும் பிற நாட்டு நிலையங்களின் பதிவுகளையும் ஒப்பிட்டு, 1929-இல் 'நேச்சர்' இதழில் வட அரைக்கோளத்தின் வெப்பநிலைப் பரவலை அவர் வரைந்துகாட்டினார். நிலநடுக்கோட்டின் மேல், ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்தில், −88 பாகையை ஒட்டிய குளிர்காற்று தட்டையான வளையமாகச் சூழ்ந்திருப்பதை அவ்வரைவு புலப்படுத்தியது.

காரணம் எளிது. வெப்ப மண்டலத்தில் சூடான ஈரக்காற்று வலுவாக மேலெழுகிறது. எழும் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. துருவங்களில் இவ்வெல்லை 8 அல்லது 9 கி.மீ. உயரத்திலேயே வந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டிலோ குளிர்தல் இன்னும் பல கி.மீ. தொடர்கிறது. ஆகவே தரையின் வெப்பமே உச்சியின் கடுங்குளிருக்கு வழிவகுக்கிறது. அதற்கு மேல் ஓசோன், புறஊதாக் கதிர்களை உட்கொண்டு காற்றைச் சூடாக்குவதால் வெப்பநிலை மீண்டும் உயர்கிறது.

இக்குளிர்வளையத்தின் முழுப் பொருள் 1949-இல் விளங்கியது. மேலடுக்கின் காற்று மிக வறண்டிருப்பதை ஆராய்ந்த ஆலன் புரூவர், அக்காற்று வெப்ப மண்டலத்தின் கடுங்குளிர் எல்லையைக் கடந்தே மேலே செல்ல வேண்டும் என்று விளக்கினார். கடக்கும்போது அதன் நீராவி உறைந்து பிரிந்துவிடுகிறது. மேலடுக்கின் நீராவி புவியின் வெப்பச் சமநிலையைப் பாதிப்பதால், அவ்வெல்லையின் வெப்பநிலையைக் காலநிலை ஆய்வாளர் இன்றும் உன்னிப்பாகக் கவனிக்கின்றனர்.

ஓரிடத்து வானத்தை அளந்து பெற்ற எண் உலகனைத்துக்கும் பொருந்திவிடாது. ஐரோப்பாவில் தொடங்கிய கண்டுபிடிப்பு முழுமை பெற, வெப்ப மண்டலத்து வானமும் அளக்கப்பட வேண்டியிருந்தது.