பெயரும் பிரமாணமும்: மூலக்கூறு உயிரியலில் கலைச்சொல் நிர்ணயம்

பரிசோதனை முடிந்து அதன் முடிவுகளும் அச்சேறிய பின்னர், அவற்றிற்குப் பெயர் சூட்டி வகைப்படுத்தி அட்டவணையில் ஏற்றும் காரியம் ஒன்று எஞ்சி நிற்கிறது என்றும், அது பொறுமையுள்ள எழுத்தர் எவரும் செய்யத்தக்க எடுபிடி வேலையேயன்றி விஞ்ஞானம் ஆகாது என்றும் ஓர் அபிப்பிராயம் உயிரியல் ஆராய்ச்சியாளரிடையே நெடுநாளாக நிலவி வருகிறது. இவ்வபிப்பிராயம் பிழைபட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். இருவேறு உயிர்களில் காணும் இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயரை இடும்போது, அவ்விரண்டும் ஏதோ ஒரு வகையில் ஒன்றே என்று நாம் சாதிக்கிறோம்; அங்ஙனம் சாதிப்பது பரிசோதனையால் மெய்ப்பிக்கவும் பொய்ப்பிக்கவும் கூடிய ஒரு கருதுகோள். ஆதலின் கலைச்சொல் நிர்ணயத்தை ஆராய்ச்சிக்குப் பிந்திய சடங்காகக் கொள்வதற்கில்லை. அது ஆராய்ச்சியின் அங்கமே.

செல் பிரிவு பற்றிய ஆராய்ச்சியின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி. அமெரிக்காவில் லீலண்ட் ஹார்ட்வெல் மொட்டு விட்டுப் பெருகும் ஈஸ்டை எடுத்துக்கொண்டு, பிரிவின் இடையில் தடைபட்டு நின்றுவிடும் திரிபுகளைச் சேகரித்து, சி.டி.சி. என்னும் மூன்றெழுத்துகளின் பின் எண்ணிட்டுக்கொண்டே போனார். எடின்பரோவில் பால் நர்ஸ், நடுவே பிளந்து பெருகும் வேறோர் ஈஸ்டில் அதே முறையைக் கையாண்டு, அதே மூன்றெழுத்துகளுக்குப் பின் வேறொரு வரிசையில் எண்ணிட்டார். விளைவு யாதெனில், பிரிவைத் தொடக்கி நடத்தும் தலைமை மரபணு முன்னதில் சி.டி.சி.28 எனவும் பின்னதில் சி.டி.சி.2 எனவும் வழங்கலாயிற்று. மொட்டு ஈஸ்டிலும் சி.டி.சி.2 என்று ஒன்று உண்டு. ஆனால் அது டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் நொதி ஒன்றன் மரபணு. அதற்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு பெயர், இரண்டுக்கு ஒரு பெயர் என்னும் இருவகைத் தோஷமும் ஒரே இடத்தில் கூடியதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை.

இச்சிக்கலைத் தீர்த்தது எந்தக் குழுவின் தீர்மானமும் அன்று. பிளவு ஈஸ்டில் பழுதுபட்ட சி.டி.சி.2-க்குப் பதிலாக மொட்டு ஈஸ்டின் சி.டி.சி.28-ஐப் புகுத்தியபோது செல் பிழைத்துப் பிரிந்தது என்னும் 1982ஆம் ஆண்டுப் பரிசோதனையே அவ்விரண்டும் ஒரே தொழிலுடையவை என்று காட்டிற்று. 1987இல் மெலனி லீயும் நர்ஸும் மனித மரபணுக்களையே அந்த ஈஸ்டினுள் செலுத்தி, பழுதை ஈடுசெய்யும் மனித மரபணுவைக் கண்டெடுத்தனர். மனிதனும் ஈஸ்டும் தத்தம் வழி பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்புரதம் ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளத்தக்கதாகவே இருந்துவந்திருக்கிறது. டிம் ஹண்ட் கடல்முள்ளெலியின் முட்டைகளில் கண்ட சைக்ளின் என்னும் புரதத்தைச் சார்ந்தே இது இயங்குகிறது என்பது தெளிவானபின், சைக்ளினைச் சார்ந்த கைனேஸ்களில் முதலாவது என்னும் பொருளில் சி.டி.கே.1 என்ற பெயர் நிலைத்தது. 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரின் உழைப்பும் இந்தச் சிறு பெயருக்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

நொதிகளின் துறையில் பெயர்க்குழப்பம் இதற்கு முன்னரே முற்றியிருந்தது. நிறத்தையன்றி வேறெதனையும் தெரிவியாத ‘பழைய மஞ்சள் நொதி’ போன்ற பெயர்கள் பாடநூல்களிலேயே இடம் பெற்றிருந்தன. 1956இல் நியமிக்கப்பட்ட சர்வதேச நொதிக் கமிஷன், 1961இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு நொதி எந்த வினையை நிகழ்த்துகிறதோ அதுவே அதன் அடையாளம் என்று கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு உறுப்புகளைக் கொண்ட எண்ணை வகுத்தது. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் 1.1.1.1 ஆயிற்று. ஏற்பாடு உறுதியானதே, ஆயினும், செம்பும் துத்தநாகமும் கொண்ட சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸும், மாங்கனீஸோ இரும்போ கொண்ட அதே பெயருடைய நொதியும், வடிவிலும் வம்சத்திலும் முற்றும் வேறுபட்டவையாக இருந்தும், 1.15.1.1 என்னும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. கமிஷனைக் குறை கூறுவதற்கில்லை. அது வினைகளை வகுத்ததேயன்றிப் புரதங்களை வகுக்கவில்லை.

ஒரு மரபணுவின் விளைபொருளைப் பற்றிக் கேட்கத்தக்கவை மூன்று தனிக் கேள்விகள் என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமை, பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்று உயிர்களின் தரவகங்களைப் பேணியவர்கள் 1998இல் கூடித் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜி என்னும் முயற்சியைச் சாரும். அவ்விளைபொருள் மூலக்கூறளவில் செய்யும் தொழில் யாது, எந்த உயிர்நிகழ்ச்சியில் பங்குகொள்கிறது, செல்லின் எப்பகுதியில் உறைகிறது என்பனவே அக்கேள்விகள். மூன்றிலும் சொற்கள் பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்குகின்றன. ஒரு சிறப்புச்சொல் பல பொதுச்சொற்களின் கீழ் அமையலாம். ஆனால் ஒரு மரபணுவுக்குச் சிறப்புச்சொல் பொருந்துமாயின், அதற்கு மேலுள்ள பொதுச்சொற்கள் அனைத்தும் பொருந்தியே தீரவேண்டும் என்பது விதி.

இவ்விதியின் கூர்மையைக் கைட்டின் விஷயத்தில் காணலாம். பூச்சியின் மேலுறை கைட்டினால் ஆனது. ஆகவே பழ ஈயை மட்டும் அறிந்தவர்க்கு, கைட்டின் ஆக்கத்தை மேலுறை ஆக்கத்தின் கீழ் வைப்பது முற்றிலும் நியாயமாகத் தோன்றும். ஆனால் ஈஸ்டின் செல்சுவரிலும் கைட்டின் உண்டு. ஈஸ்டின் மரபணு ஒன்றை அச்சொல்லின் கீழ் ஏற்றிய மாத்திரத்தில், ஈஸ்டுக்குப் பூச்சியின் மேலுறை உண்டு என்று அட்டவணை சாதிக்கத் தொடங்கிவிடும். எனவே கைட்டின் ஆக்கத்தைப் பொதுவாக நிறுத்தி, மேலுறைக் கைட்டினையும் செல்சுவர்க் கைட்டினையும் அதன்கீழ்த் தனித்தனியே பிரிக்க வேண்டியதாயிற்று. இது எழுத்தர் வேலையா? இரண்டு உயிர்களின் உடலமைப்பையும் ஒருங்கே அறிந்தவரன்றி வேறெவரும் இத்திருத்தத்தைச் செய்திருக்க முடியாது.

இதனினும் முக்கியமானது, ஒவ்வொரு கூற்றுக்கும் அது எவ்வாறு அறியப்பட்டது என்னும் குறியீட்டையும் சேர்த்தே எழுதவேண்டும் என்ற நியதி. நேரடிப் பரிசோதனையால் அறிந்தது ஒரு குறி. வரிசை ஒற்றுமையிலிருந்து ஊகித்தது வேறு குறி. முன்னாசிரியர் கூறியதை மூலம் காட்டி ஏற்றது மற்றொரு குறி. நம் நாட்டு நியாய சாஸ்திரிகள் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் முதலியனவாகப் பிரமாணங்களைப் பிரித்தது நினைவுக்கு வருகிறது. அவர்கள் இவ்வேற்பாட்டைக் கண்டிருப்பின், இதில் அந்நியமாக ஒன்றையும் கண்டிருக்கமாட்டார்கள்.

சொற்களை நிர்ணயம் செய்வது சிந்தனையைக் கட்டிப்போடும் என்பது இங்கே எழும் ஆட்சேபம். புறக்கணிக்கத்தக்கதன்று, எனினும் சரித்திரம் இதற்குச் சாதகமாக இல்லை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் புரதச் சங்கிலியின் இரு திருப்பக் கோணங்களுக்கு எம்மதிப்புகள் இயலும், எவை இயலா என்று வரைந்து காட்டிய படம், இன்று புதிதாக நிர்ணயிக்கப்படும் எந்தப் புரத வடிவத்தையும் சோதிக்கும் உரைகல்லாக விளங்குகிறது. அக்காலத்தில் சங்கிலி முழுதும் நீண்டிருக்கும் நிலை பூஜ்யமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் வந்த சர்வதேச மரபோ அதே நிலையை 180 பாகை என்று கொண்டது. இன்று மைனஸ் 57 என்று எழுதும் கோணத்தைப் பழைய மரபு 123 என்று எழுதும். மரபு மாறியதால் படத்தின் உண்மைக்கு ஊறு நேரவில்லை. எந்த மரபு என்று குறிக்காமல் எண்ணை மட்டும் பகிர்ந்துகொள்பவரே கேட்டுக்கு வழி செய்கிறார். இக்காரணம் பற்றியே ஜீன் ஆன்டாலஜியில் ஒரு சொல் வழக்கொழிந்தாலும் அதன் அடையாள எண் அழிக்கப்படுவதுமில்லை, வேறொரு சொல்லுக்கு வழங்கப்படுவதுமில்லை. பெயரைவிட எண்ணே உறுதி என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு: செப்டின் குடும்பத்து மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் விரிதாள் செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தபடியால், 2020இல் மனித மரபணுப் பெயர்க்குழு அப்பெயர்களையே மாற்றியமைக்க நேர்ந்தது. விஞ்ஞானம் கணக்குப்பிள்ளையின் கருவிக்கு இணங்கிப்போன சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

தரவுகளைப் பகிர்வதில் டி.என்.ஏ. வரிசைகளுக்குக் கிட்டிய வெற்றி பிறவற்றுக்கு எளிதில் கிட்டவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானியத் தரவகங்கள் மூன்றும் தம்முள் நாள்தோறும் பரிமாறிக்கொள்கின்றன. 1996இல் பெர்முடாவில் கூடியவர்கள், வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என உடன்பட்டனர். நான்கெழுத்து வரிசை தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். ஆனால் ஒரு திசுவில் எந்த மரபணு எவ்வளவு செயற்படுகிறது என்னும் அளவீடு, திசு எது, எவ்வாறு எடுக்கப்பட்டது, எக்கருவியால் அளக்கப்பட்டது என்னும் விவரங்கள் இன்றி வெறும் எண்குவியலே; அவ்விவரங்களுள் குறைந்தபட்சம் எவை வேண்டும் என்று வரையறுக்கும் முயற்சி 2001இல்தான் உருப்பெற்றது.

இனி, இவ்வேற்பாட்டின் பெருங்குறை ஒன்றையும் சொல்லவேண்டும். இன்று அட்டவணைகளில் உள்ள கூற்றுகளில் மிகப் பெரும்பாலானவை, எவர் கண்ணும் படாமல் கணிப்பொறி ஒற்றுமை கண்டு ஏற்றியவை. ஒரு புரதத்துக்கு ஊகித்த தொழிலை அதைப் போன்ற வேறொன்றுக்கு ஏற்றி, அதிலிருந்து மூன்றாவதற்கும் ஏற்றும்போது, வதந்தி வாய்மாறி வந்து செய்தியாவதைப் போல, அனுமானம் பிரத்தியட்சத்தின் வேடம் பூணுகிறது. குறியீடு உடனிருந்தும் அதைப் பார்ப்பவர் சிலரே. மூலக் கட்டுரையைப் படித்து, பிரமாணத்தை நிறுத்துப் பார்த்து, கூற்றைத் திருத்தும் அறிஞர்கள்தாம் இதற்குப் பரிகாரம் செய்ய வல்லவர்கள். ஆயினும், ஆராய்ச்சி மானியங்கள் புதிய கண்டுபிடிப்பை நோக்கியே வழங்கப்படுவதால், அவர்களின் பணி எங்கும் நிலையற்றதாகவே இருக்கிறது. 2022 நவம்பரில் ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்து வைக்கப்பட்டது. நம் ஆய்வுக்கூடங்களின் தரவுகள் அங்கே குவியும். அவற்றைச் சரிபார்த்துக் குறிப்பெழுதும் பணியைப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சியாகவே கணக்கிட்டு, அதற்கெனப் பதவிகளை ஏற்படுத்தவும், பதவி உயர்வில் அதற்கு ஆய்வுக் கட்டுரைக்குச் சமமான மதிப்பளிக்கவும் வேண்டும்.