அமெரிக்க மரை

என்னிடம் இருக்கும் ஃபெண்டர் ஜாக்வார் கிட்டார் 1972-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் செய்யப்பட்டது. உடல் ஆல்டர் மரம், கழுத்து மேப்பிள், விரல் ஓடுகிற பலகை இந்திய ஈட்டி. கேரளம், கர்நாடகம், நம் நீலகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையோரம் வளர்கிற மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். அந்த மரம் கலிபோர்னியா போய்ச் சேர்ந்த காலத்தில், அதே கிட்டாரை இங்கே ஒருவர் சாதாரணமாகக் கடையில் வாங்கிவிட முடியாது.

அதே 1972-ல் டெல்லியில் சீதாராமையா குழு வேறொரு கேள்வியை ஆராய்ந்துகொண்டிருந்தது. இந்தியத் தோல் பாதி பதனிட்ட நிலையிலேயே கப்பல் ஏறுவது எவ்வளவு காலத்துக்கு? நான் பிறந்தது சோளிங்கர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் பகுதியின் கிழக்கு ஓரம். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் எங்கள் பக்கத்துப் பல குடும்பங்கள் சோறு தின்றன. கிட்டாரும் தோலும் ஒரே கட்டுரையில் ஏன் என்று கேட்பீர்கள். கிட்டாருக்கு உதிரிபாகம் தேடிப் போனபோதுதான் எனக்கு அது புரிந்தது.

*

ஆஃப்செட் என்றதும் நமக்குச் சிவகாசி அச்சகம்தான் நினைவுக்கு வரும். கிட்டாரில் அதற்கு வேறு பொருள். வழக்கமான கிட்டாருக்கு இரண்டு பக்கமும் இடுப்பு ஒரே உயரத்தில் ஒடுங்கும். ஆஃப்செட் கிட்டாரில் ஒரு பக்கத்து இடுப்பு முன்னே, மறுபக்கத்து இடுப்பு பின்னே. யாரோ உடலைப் பிடித்து லேசாக முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். உட்கார்ந்து வாசிப்பவரின் மடியில் சரியாகப் பொருந்தத்தான் இந்தக் கோணல்.

இதைச் செய்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்கள் சொல்கிற குறைகளைக் கேட்டுக் கேட்டே ஒவ்வொன்றையும் திருத்தினார். 1958-ல் அவர் வெளியிட்ட ஜாஸ்மாஸ்டர், பெயரே சொல்வதுபோல, உட்கார்ந்து வாசிக்கும் ஜாஸ் கலைஞர்களைக் குறிவைத்தது. அகலமான, தட்டையான பிக்கப்புகள். மென்மையான ஒலிக்கு மேலே தனியாக ஒரு சுவிட்ச். அதுவரை மேப்பிள் மரத்திலேயே விரற்பலகையும் செய்துவந்த ஃபெண்டர் கம்பெனி, ஈட்டிப் பலகையை முதலில் கொண்டுவந்தது இந்தக் கிட்டாரில்தான். அன்று அது பிரேசில் ஈட்டி. அறுபதுகளின் நடுவில் இந்திய ஈட்டி அந்த இடத்துக்கு வந்தது. மார்ட்டின் போன்ற அக்கூஸ்டிக் கிட்டார் கம்பெனிகளும் 1969 வாக்கில் நம் மரத்துக்கு மாறின.

1962-ல் ஜாக்வார் வந்தது. ஜாஸ்மாஸ்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், ஜாக்வாருக்கு 24. ஃபெண்டர் பட்டியலிலேயே விலை உயர்ந்த கிட்டார் அப்போது அதுதான். ஆனால் ஜாஸ் ஆட்கள் வரவில்லை. வந்தது கலிபோர்னியாக் கடற்கரையின் சர்ஃப் பையன்கள். சில ஆண்டுகளில் அந்த அலையும் ஓய்ந்தது. 1965 ஜனவரியில் லியோ தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். 1975-ல் ஜாக்வாரை நிறுத்தினார்கள், 1980-ல் ஜாஸ்மாஸ்டரையும்.

அதற்குப் பிறகுதான் இதன் உண்மையான வரலாறு ஆரம்பிக்கிறது. யாரும் சீந்தாத கிட்டார் அடகுக்கடையில் மலிவாகக் கிடைக்கும். காசில்லாத பையன்கள் அதைத்தான் எடுப்பார்கள். 1977-ல் டெலிவிஷன் இசைக்குழுவின் டாம் வெர்லெய்ன் கையில் ஜாஸ்மாஸ்டர். அதே ஆண்டு எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஆல்பத்து அட்டையிலும் அதுவே. எண்பதுகளில் சோனிக் யூத், டைனோசர் ஜூனியர், மை பிளடி வேலன்டைன். தொண்ணூறுகளில் கர்ட் கோபேன் வாசித்த 1965 ஜாக்வார் பழையதாக வாங்கியது, முன்பே யாரோ பிக்கப் மாற்றியிருந்தது. செய்தவன் கைவிட்டதை வாங்கியவன் காப்பாற்றினான். இன்று லட்சங்களில் விலை போகிறது என்றால் அந்தப் பையன்கள் கொடுத்த மதிப்புதான்.

*

இதை ஏன் கைவிட்டார்கள்? ‘பிரிட்ஜ் சரியில்லை’ என்பதுதான் இன்றுவரை கேட்கிற புகார். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், உடலில் பதித்த இரண்டு உலோகக் குப்பிகளுக்குள் ஊசிமுனையில் நிற்கிறது. ட்ரெமலோ கம்பியை அமுக்கினால் பிரிட்ஜும் சேர்ந்து முன்னும் பின்னும் ஆட வேண்டும் என்பது திட்டம். கம்பிகள் கட்டப்படும் இடமோ பிரிட்ஜிலிருந்து வெகுதூரம் பின்னால். அதனால் கம்பி பிரிட்ஜ்மேல் மடிகிற கோணம் மிகக் குறைவு, அழுத்தமும் குறைவு. ஓங்கி ஓர் அடி அடித்தால் கம்பி பள்ளத்தைவிட்டுத் துள்ளி நகரும். உயரம் வைக்கிற குட்டித் திருகுகள் தானாகக் கழன்று இறங்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் பிரிட்ஜ் கிணுகிணுக்கத் தொடங்கும்.

ஆனால் 1958-ல் இதற்குப் பூட்டிய கம்பி வேறு. 12, 13 கனத்தில், தட்டையாகச் சுற்றிய தடிமனான கம்பி. அந்த இழுவிசையில் பிரிட்ஜ் ஆடாமல் அசையாமல் உட்காரும். 1962-ல் எர்னி பால் மெல்லிய ஸ்லிங்கி கம்பிகளை விற்க ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் ராக் உலகம் முழுக்க 10, 9 என்று இறங்கிவிட்டது. கிட்டார் மாறவில்லை, அது சார்ந்திருந்த ஒன்று மாறிவிட்டது. மென்பொருள் ஆட்களுக்கு இது தினசரிக் கதை. நம் கோடில் ஒரு வரியும் மாற்றியிருக்க மாட்டோம், அடியில் இருக்கும் லைப்ரரி வர்ஷன் மாறியிருக்கும், பழி நம் தலையில் விழும்.

தீர்வை முதலில் கண்டுபிடித்தவர்கள் வாசிப்பவர்கள்தான். கனமான கம்பி போட்டார்கள். திருகில் நகப்பூச்சு தடவிக் கழலாமல் செய்தார்கள். பிரிட்ஜைக் கழற்றிவிட்டு ஃபெண்டர் மஸ்டாங் பிரிட்ஜை மாட்டினார்கள். எல்லாவற்றையும்விட எளிய வேலை, கழுத்து உடலில் உட்காரும் குழியில், பிக்கப் பக்கத்து ஓரமாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அட்டைத் துண்டை வைத்து முட்டுக்கொடுப்பது. கழுத்து ஒரு பின்னம் பின்னால் சாயும். கம்பிகள் தாழும், பிரிட்ஜை உயர்த்தியாக வேண்டும். உயர்த்தினால் கம்பி மடிகிற கோணம் கூடும், அழுத்தம் வரும். அரைப் பைசா அட்டை, கிட்டாரே வேறு கிட்டார்.

*

இந்தியாவில் அன்று எல்லாக் கிட்டாருக்கும் இதே கதிதான். அந்நியச் செலாவணி இல்லாத நாடு, இசைக்கருவிக்கு டாலர் ஒதுக்காது. சென்னையில் 1842-லிருந்தே இசைக்கருவி விற்கும் மியூசி மியூசிக்கல் இருந்தது. ஆனால் கடை இருப்பது வேறு, அதில் ஃபெண்டர் தொங்குவது வேறு. கல்கத்தாவில் செய்த கிட்டார்களின் பெயர்களைப் பாருங்கள்: கிப்டோன், கிவ்சன். பெயரிலேயே ஏக்கம் தெரியும். 1970-ல் ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டியின் இசைத்தட்டில் ஒரு குழுவின் பெயர் ‘ஜென்யுன் ஸ்பேர்ஸ்’. அசல் உதிரிபாகம்! லாரிப் பட்டறைப் பலகையிலிருந்து எடுத்த பெயர்போல இருக்கிறது. எதற்கு அப்படி வைத்தார்களோ, அந்தத் தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

1991-ல் கதவு திறந்தது என்கிறோம். நுகர்வுப் பொருள் இறக்குமதிமீதான அளவுக் கட்டுப்பாடுகள் கடைசியாக விலகியது 2001 ஏப்ரல் 1-ல். அதாவது எனக்கு முந்தைய தலைமுறை கிட்டார்காரர்களின் வாலிபம் முழுவதும் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம். ஈட்டி மரத்துக்கு அந்தக் கதவு மூடியிருக்கவில்லை.

இங்கேதான் தோல் வருகிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் நூறாண்டுகளுக்குமேல் மெட்ராஸ் துறைமுகம் வழியாக லண்டன் போனது. பாதி வேலை இங்கே. சாயமும் மெருகும் தையலும் லாபமும் அங்கே. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப்பின் பச்சைத்தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டார்கள். முழுமையாக்கிய தோலாக அனுப்பு, முடிந்தால் செருப்பாக அனுப்பு என்றது அரசு. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின, பெண்கள் வேலைக்குப் போனார்கள். அதற்குப் பாலாறு கொடுத்த விலையும் பெரிது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். எங்கள் கிணறுகளின் கதை அதில் இருக்கிறது. அந்தக் கணக்கை மறைத்துவிட்டுத் தோலைப் புகழ முடியாது.

ஆனால் ஒன்று நடந்தது. பொருளை முழுமையாக்கும் கை இங்கேயே உருவானது. ஈட்டிக்கு அது நடக்கவில்லை. ஈட்டியைக் கிட்டாராக்கு என்று யாரும் குழு போடவில்லை. 1994-ல் தமிழ்நாடு ஈட்டி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது, அதுவும் வெட்டுவதைத் தடுக்க. 2017 ஜனவரியில் உலகம் முழுவதும் ஈட்டி வகை மரங்களின் வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு. நான் ஆன்சைட் முடித்து 2018-ல் ஜாக்வாரோடு கிளம்பியபோது, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோகும் கருவிக்குத் தாள் தேவையா என்று ராத்திரி முழுக்க விதி படித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மர வகை, ஊர் திரும்ப அனுமதி வேண்டுமோ என்று அன்று யோசிக்க வேண்டியிருந்தது.

*

என் ஜாக்வாருக்கு அசல் பெயிண்ட் இல்லை. யாரோ மறுபூச்சு பூசியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் கணக்கில் மறுபூச்சு என்றால் பாதி விலை, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியானது. பிரிட்ஜில் இரண்டு திருகு துருப்பிடித்து இறுகியிருந்தன, ஒன்று காணோம். நம் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் திருகு. இது அங்குலக் கணக்கு. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம்தான். சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பொருளுக்குக் கூரியரும் சுங்கவரியும் சேர்த்தால் ஒரு நல்ல பெடல் விலை.

ராணிப்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறை. தோல் ஷாப்புகளின் பழைய மிஷின்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தே வாழ்நாளைக் கழித்த பெரியவர். திருகைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

“இது இங்கிலீஷ் மரை இல்ல தம்பி. அமெரிக்கன்.”

“எப்படிண்ணா பாத்த உடனே சொல்றீங்க?”

“பல்லு பாரு. இங்கிலீஷ் மரை அம்பத்தஞ்சு டிகிரி, முனை மழுங்கி உருண்டிருக்கும். இது அறுபது. நம்ம ஷாப்பு பழைய மிஷின் எல்லாம் இங்கிலீஷுதான். அமெரிக்கன் எப்பவாவதுதான் வரும்.”

இரண்டு நாளில் ஆறு திருகு செய்து வைத்திருந்தார். பிரிட்ஜ் கால்கள் குப்பிக்குள் ஆடாமல் இருக்க நைலானில் இரண்டு வளையமும் கடைந்திருந்தார். நான் கேட்கவே இல்லை. “கால் லொடலொடன்னு இருந்துச்சு, போட்டுட்டேன்” என்றார். இதே காரியத்தைச் செய்யும் பாகங்கள் வெளிநாட்டில் தனிப் பெயரோடு விலைக்கு இருப்பதை அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

முட்டுக்கொடுக்கும் அட்டை ஆம்பூரிலிருந்து வந்தது. ஷூவின் உள்ளங்கால் பகுதிக்கு வைக்கிற கெட்டியான நார் அட்டை, வெட்டியதில் மிஞ்சிய துண்டு. தோல் இதற்கு ஆகாது, நாளடைவில் அமுங்கிவிடும். இந்த அட்டை மனிதன் ஏறி மிதித்தாலும் அமுங்காமல் இருக்கவே செய்தது. தோலின் கனம் பார்க்கும் மானியில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தோம்: 0.7 மில்லிமீட்டர். கழுத்தைப் பூட்டி, 11 கனத்தில் கம்பி ஏற்றி, பிரிட்ஜை உயர்த்தினேன். ஓங்கி அடித்தாலும் கம்பி நகரவில்லை.

இதைச் சாமர்த்தியக் கதையாக, ‘ஜுகாட்’ என்று தட்டிக்கொடுக்கிற தொனியில் படிக்க வேண்டாம். அவர் செய்தது ஒப்பேற்றல் இல்லை. மரையின் கோணத்தைக் கண்ணால் அளக்கும் கல்வி அது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு வட்டாரம் பொருளைக் கடைசிவரை செய்து முடித்ததால், அந்த வேலைக்கான மிஷின்கள் இங்கேயே ஓடியதால், அவற்றை ரிப்பேர் பார்க்க ஆள் தேவைப்பட்டதால் சேர்ந்த கல்வி. மூலப்பொருளை மட்டும் அனுப்புகிற ஊரில் இப்படி ஒருவர் உருவாகமாட்டார். ஈட்டி போன வழியில் நமக்குக் கிட்டார் செய்பவர்கள் கிடைக்காமல் போனது மட்டும் இழப்பில்லை, கிட்டாரைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு தெரு கிடைக்காமல் போனதும் இழப்புதான்.

பழைய மிஷின்கள் குறைகின்றன. புதிதாக வருபவை கணினி வைத்த மிஷின்கள், பாகம் போனால் கம்பெனி ஆளே வந்து முழு யூனிட்டையும் மாற்றிவிட்டுப் போகிறார். பெரியவரின் மகன் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறார், பட்டறைக்கு வர விருப்பமில்லை. அதில் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சோளிங்கரைவிட்டுப் போனவன்தான்.

என்னால் முடிந்தது, அவர் கடைந்த திருகின் அளவு, மரையின் எண்ணிக்கை, நைலான் வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் எல்லாவற்றையும் வரைபடமாக்கி கிட்டார் நண்பர்களுக்கு அனுப்பியது. இதுவரை மூன்று பேர் தங்கள் பிரிட்ஜை ராணிப்பேட்டைக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது, ஜப்பானில் செய்த ஜாஸ்மாஸ்டருடையது. அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் போன் செய்தார்: “தம்பி, இது மில்லிமீட்டர் மரை. முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சமாயிருக்கும்ல?”