தந்தியிலும் தபாலிலும் நடந்த நீச்சற் போட்டிகள்

நீச்சற் போட்டி என்றதும் ஒரே குளத்தின் ஓரத்தில் எட்டுப் பேர் வரிசையாய் நிற்பதும், ஓசை கேட்டதும் ஒருங்கே நீரிற் பாய்வதுமே நம் மனக்கண்முன் தோன்றும். நம் நாட்டவருக்கு வேறொரு காட்சியும் தோன்றக்கூடும். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971இல் அதனைப் போகவும் வரவும் நீந்திய ஆனந்தனையும் நாம் மறந்துவிடவில்லை. ஆயின் அவை தனிமனிதர் கடலோடு தொடுத்த போர்கள். இன்று யான் கூறப்புகுவது இவ்விரண்டிலும் சேராதது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த குளங்களில் நீந்தி, வெற்றி தோல்வியைத் தந்தியாலும் தபாலாலும் அறிந்துகொண்டோரின் வரலாறு அது.

இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்ந்தது. அந்நாட்டின் பரப்பை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு கல்லூரி அணி மற்றொரு கல்லூரிக்குச் சென்று நீந்த வேண்டுமாயின் இரயிலில் இரண்டு நாள் செல்லும், செலவோ பெரிது. எனவே குறிக்கப்பட்ட ஒரு வாரத்தில் ஒவ்வோர் அணியும் தன் சொந்தக் குளத்திலேயே நீந்தும். நடுவர் நேரத்தைக் கணித்து மத்திய இடத்துக்குத் தந்தியடிப்பார். அங்கே நேரங்கள் ஒப்பிடப்பட்டு முதலிடம் இன்னாருக்கு என அறிவிக்கப்படும். தந்திப் போட்டி என்ற பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

இம்முறையைப் பெரிதும் போற்றியவர்கள் பெண்கள் கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியைகள். 1923இல் வாஷிங்டன் நகரில் கூடிய மாநாடொன்றின் பின்னர், பெண்களுக்கான விளையாட்டில் பார்வையாளர் கட்டணமும் பிரயாணமும் சில நட்சத்திர வீராங்கனைகளை மட்டும் தூக்கிப் பிடிக்கும் போக்கும் வேண்டா என்ற கொள்கை அங்கே வலுப்பெற்றது. பலர் விளையாட வேண்டும். விளையாட்டு விளையாட்டுக்காகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அதன் பெயரால் திறமைமிக்க பெண்கள் பலர் நேருக்கு நேர் போட்டியிடும் வாய்ப்பை நெடுங்காலம் இழந்தனர் என்பதை மறைத்தல் ஆகாது. வேகமாக நீந்தும் ஒருத்திக்குத் தன் பக்கத்து வரிசையில் தன்னினும் வேகமாக நீந்துபவள் வேண்டும். தந்திக் காகிதம் அவ்விடத்தை நிரப்பாது. 1972இல் கல்வி நிலையங்களில் பால்வேற்றுமையைத் தடைசெய்யும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிய பின்னரே இந்நிலை வேகமாக மாறலாயிற்று.

இளைஞருக்குக் குறையாய்ப்பட்ட இம்முறை முதியோருக்கு வரமாய் அமைந்தமைதான் விந்தை. அமெரிக்கக் கடற்படையில் வைத்தியராகப் பணிபுரிந்த இரான்சம் ஆதர் என்பவர், படிப்பு முடிந்ததும் நீச்சலைக் கைவிடும் வளர்ந்தோரைக் கண்டு கவலை கொண்டார். உடற்பயிற்சி நல்லதென்று அறிவுரை கூறினால் மட்டும் போதாது. எதிர்நோக்கி உழைப்பதற்கு ஒரு போட்டி நாள் இருந்தால்தான் மனிதன் தவறாமற் பயிற்சி செய்வான் என்பது அவர் கண்ட உண்மை. பயிற்றுநர் சங்கத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்பானத் என்பவரின் துணையோடு, 1970 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் வளர்ந்தோருக்கான முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. வந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ‘மாஸ்டர்ஸ்’ என்னும் இயக்கம் அச்சிறு கூட்டத்திலிருந்தே பிறந்தது.

இயக்கம் வேரூன்றிய சில ஆண்டுகளில் பழைய தந்தி முறை தபால் உருவில் மீண்டும் வந்தது. உத்தியோகமும் குடும்பமும் உள்ளவர்கள் ஆண்டில் எத்தனை முறை வேற்று மாநிலம் செல்ல முடியும்? ஆகவே ஒருமணி நேர நீச்சல் என்றொரு போட்டி வகுக்கப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில் குறித்த காலத்துள், அவரவர் ஊர்க் குளத்திலே, ஒருமணி நேரத்தில் இயன்ற தூரம் நீந்த வேண்டும். அருகிலிருந்து ஒருவர் ஒவ்வொரு 50 யாருக்கும் அல்லது 50 மீற்றருக்கும் ஆன நேரத்தைத் தாளிற் குறித்துக் கையொப்பமிட வேண்டும். அத்தாள் தபாலிற் செல்லும். அணியினரின் தூரங்கள் கூட்டப்பட்டுக் கழகங்களுக்கும் வரிசை வழங்கப்படும். மிகச் சிறந்தவர்கள் 5,000 யாருக்கு மேல் நீந்துவர். பாதித் தூரம் நீந்தியவரின் பெயரும் அதே பட்டியலில் அச்சாகும்.

இங்கே நீதி பற்றிய சிக்கலொன்று எழுகிறது. குளங்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. 25 யார்க் குளத்தின் நீளம் 22.86 மீற்றர் மட்டுமே. வேறு குளங்கள் 25 அல்லது 50 மீற்றர். குளம் குறுகினால் திரும்பும் முறை கூடும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைக் காலால் உந்திச் செல்பவருக்குக் கைவீச்சினால் அடைவதினும் மிக்க வேகம் கிடைக்கிறது. 1,500 மீற்றர் நீந்துபவர் 50 மீற்றர்க் குளத்தில் 29 முறையும், 25 மீற்றர்க் குளத்தில் 59 முறையும் திரும்புகிறார். ஆகவே பின்னவரது நேரம் குறைந்திருப்பது இயல்பே. சாதனைகளைக் குளத்தின் அளவுக்கேற்பத் தனித்தனியே பேணுவதற்கும், 5 கிலோமீற்றர், 10 கிலோமீற்றர்த் தபாற் போட்டிகள் 50 மீற்றர்க் குளத்திலே மட்டும் நீந்தப்பட வேண்டும் என்று விதித்ததற்கும் காரணம் இதுவே. ஒருமணி நேர நீச்சலில் மட்டும் இவ்விதி தளர்த்தப்பட்டது. 50 மீற்றர்க் குளம் எல்லா ஊரிலும் இல்லை அன்றோ! பலர் சேர்வதற்காகச் சிறிது நீதியை விட்டுக்கொடுத்தனர். அது சரியான பேரமென்றே எனக்குத் தோன்றுகிறது.

வயதை எண்ணும் முறையும் சுவையானது. 25 முதல் 29 வரை ஒரு பிரிவு, 30 முதல் 34 வரை அடுத்தது என ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் ஏறிச் செல்லும். வயது கூடக்கூட நேரம் தளர்வது உறுதி. ஆனால் 70ஆவது பிறந்தநாள் வந்தவர் வருந்துவதில்லை. புதிய பிரிவில் தாமே இளையவர் என மகிழ்கிறார்! அஞ்சலோட்ட நீச்சலில் நால்வரின் வயதையும் கூட்டி, 200 முதல் 239 வரை, 240 முதல் 279 வரை என்றவாறு பிரிக்கின்றனர். இதனால் மூத்த நீச்சலாளர் ஒருவரைத் தேடி அழைத்துவரும் தேவை அணிகளுக்கு ஏற்பட்டது. வீட்டின் மூலையில் இருந்திருக்கக்கூடியவரை வேண்டி விரும்பி அழைக்கும் கணக்கு இது.

1986இல் உலக நீச்சற் சம்மேளனத்தின் ஆதரவில் தோக்கியோ நகரில் முதலாவது உலக மாஸ்டர்ஸ் நீச்சற் போட்டி நடைபெற்றது. அந்த யப்பான் நாட்டிலேயே, எண்பது வயதளவில் நீச்சலைத் தொடங்கிய மியேகோ நாகவோகா என்னும் மூதாட்டி, 2015 ஏப்ரல் மாதம் தமது நூறாவது வயதில் 25 மீற்றர்க் குளத்தில் 1,500 மீற்றரை 1 மணி 15 நிமிடம் 54 செக்கனில் நீந்தி முடித்தார். அப்பிரிவில் அவரோடு போட்டியிட எவரும் இருக்கவில்லை.

அமெரிக்கத் தபாற் போட்டி இன்றும் நடைபெறுகிறது. தபாலுறையின் இடத்தை இணையம் எடுத்துக்கொண்டது. ஆயினும் குளக்கரையில் அமர்ந்து ஒருமணி நேரம் எண்ணுவதற்கு, தாளும் பென்சிலும் கொண்ட நண்பர் ஒருவர் இன்னமும் வேண்டியிருக்கிறது.